அணைத்து வைத்த மெஷின்

சந்தனம் காய்ந்து வெடிக்க ஆரம்பித்துவிட்டது. காலையில் பூபதி பூசியது. கேபினட்டின் முகப்பில் மூன்று விரலால் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, மேலே ஒரு முழம் செவ்வந்தி போட்டு, மானிட்டருக்கு ஒரு பொட்டு, கீபோர்டுக்கு ஒன்று, மவுசுக்கு ஒன்று. மவுசுக்கு எதுக்குங்க என்றேன். அதும் உழைக்குதல்ல என்றார். எங்கள் வீட்டுக்காரருக்கு உழைக்கிற எதைக் கண்டாலும் கும்பிடத் தோன்றும். கிரைண்டர், மிக்சி, அவருடைய பைக், என்னுடைய ஸ்கூட்டி, மொட்டை மாடியிலிருக்கும் தண்ணி மோட்டார், பெட்டிக்குள் கிடந்த ஸ்பேனர் வரைக்கும் பொட்டு வைத்தாயிற்று, என்னைத்தான் விட்டுவிட்டார். இன்றைக்கு வீட்டு மெஷின் எதையும் ஓட்டக் கூடாது, நாளைக் காலையில் மறுபூசை போட்டு எடுத்த பிறகுதான். பம்ப்செட் கம்பெனியில் வேலை செய்கிற மனுசன், கோபிப் பக்கம் காடு தோட்டம் என்று இருந்த குடும்பம், இந்த விஷயத்தில் அவரோடு வாதாட முடியாது. நான் வாதாடவும் இல்லை. நேற்றுச் சாயங்காலம் நானேதான் இந்தக் கம்ப்யூட்டர் மெஷினை அணைத்தேன். வருசத்துக்கு இந்த ஒரு நாள்தான் அணைப்பது. மற்ற நாளெல்லாம் நான் ஆடிட்டர் ஆபீசுக்குப் போனாலும், தூங்கினாலும், ஊருக்கே போனாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஃபேன் இரைச்சல் எனக்கு இரைச்சலாகவே தெரியாமல் போய்விட்டது. இப்போது அது இல்லை. கீழ்வீட்டுக் குக்கர் கேட்கிறது, தெருவில் யாரோ பூசணிக்காய் உடைக்கிறார்கள், அதற்கு ஒரு நாய் குரைக்கிறது, இத்தனைக்கும் நடுவில் ஓடாத ஃபேனும் என் காதுக்குக் கேட்கிறது. எழுந்து போய் கேபினட் மேல் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. எந்நேரமும் கதகதவென்று இருந்த ஒன்று சில்லிட்டுக் கிடந்தால் கைக்குப் பிடிப்பதில்லை. பெரியம்மாவைக் கடைசியாகத் தொட்டது ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்குள் ஜாபருக்குச் சொல்ல வேண்டும். ஜாபர் காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவன், இந்த மெஷினுக்கு அவன்தான் வைத்தியன். போன மாதத்திலிருந்து இது தானாக அணைகிறது. சூடு ஏறும், ஃபேன் கத்தும், பட்டென்று திரை கறுத்துவிடும். ஜாபர் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். “அக்கா, இது வயசாளி. ஒண்ணை மாத்துனா இன்னொண்ணு கேக்கும். போர்டு, ப்ராசசர், கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை எல்லாமே மாத்தோணும். பெட்டி மட்டும்தான் மிஞ்சும்.” இல்லையென்றால் என்ன வழி என்றேன். “இல்லீன்னா கன்சோலுக்குப் போயிருங்க, வெளையாடறதுக்குன்னே வர்ற பெட்டி. டிவியில சொருகுனா முடிஞ்சுது. சூடும் இல்ல, சத்தமும் இல்ல. நம்மகிட்ட ஒண்ணே ஒண்ணு இருக்கு. இன்னொருத்தரும் கேட்டிருக்காரு, பூஜையன்னிக்கு ஆறு மணி வரைக்கும் உங்களுக்காக வெச்சிருக்கறேன்.” அது எத்தனை எடை, ரிமோட் எத்தனை என்று தேவையில்லாததையெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில்தான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். இதிலிருக்கும் உலகம் அதில் வருமா? “வராதுக்கா. அதே விளையாட்டு அதுலயும் இருக்கு, ஆனா அது வேற இது வேற. முதல்ல இருந்து கட்டோணும்.” மெஷினையே புதுப்பித்தால்? “இந்த டிஸ்க்கை அப்படியே புது போர்டுல மாட்டிக்கலாம். வரும்னுதான் நெனைக்கிறேன். டிஸ்க்கும் பழசு, அடிச்சுச் சொல்ல முடியாது.” பூபதி கன்சோல்தான் என்றார். எதற்கும் உன் இஷ்டம் என்று விட்டுவிடுகிற மனுசன், இதற்கு மட்டும் மறுபடி மறுபடி சொன்னார். “கன்சோலே வாங்கிரலாம் நித்தி. புதுசா ஆரம்பிக்கலாம்.” புதுசா ஆரம்பிக்கலாம் என்றபோது என் முகத்தைப் பார்க்காமல் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதை நினைத்தால் இன்னும் ஒரு மாதிரி இருக்கிறது. அவர் ஏன் தட்டைப் பார்த்தார்?

யாராவது கேட்டால் ஒரு விளையாட்டுக்கா இத்தனை யோசனை என்பார்கள். அதனால் யாரிடமும் சொல்வதில்லை. என் தம்பி எழிலனும் நானும் சேர்ந்து பூட்டிய மெஷின் இது. பொள்ளாச்சி வீட்டில், அப்பா டியூஷன் எடுக்கப் போன நேரத்தில், தரையில் பாயை விரித்து, ஒவ்வொரு திருகாக. கட்டைகளை அடுக்கி ஊர் கட்டுகிற அந்த விளையாட்டில் நாங்கள் ஒரு ஏரியும் ஏரிக்கரையில் ஒரு வீடும் கட்டினோம். கீழே என் பகுதி, அடுப்பு, தோட்டம், தொட்டியில் பூ. ஏணி வைத்த மாடி அவனுடையது. அவன் ஹாஸ்டலுக்குப் போனபோது ஒரு ஏற்பாடு செய்தான், கல்யாணமாகி நான் மெஷினோடு கோயம்புத்தூர் வந்தபோது இங்கேயும் வந்து உட்கார்ந்து அதையே செய்து கொடுத்தான். இந்த மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் போதும், எந்த ஊரிலிருந்தும் நெட் வழியாக அவன் அந்த வீட்டுக்குள் வரலாம். “அணைச்சுராதக்கா, வீட்டைப் பூட்டிட்டுப் போன மாதிரி ஆயிரும்.” அதற்கப்புறம் அவன் பாஸாகாத பேப்பர்களையெல்லாம் மறைத்தது வெளியே வந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில், சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த பந்தியில், பையன் என்ன பண்றான் என்று யாரோ கேட்க, அப்பா “எனக்குப் பொண்ணு மட்டுந்தான்” என்றார். எழிலன் அடுத்த இலையில் உட்கார்ந்திருந்தான். பாயசத்தைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தான். அன்று ராத்திரி போனவன், என்னைத் தேடாதீங்க என்று ஒரு மெசேஜ், அப்புறம் நம்பர் இல்லை. போலீசில் சொன்னோம், அவன் சிநேகிதர்களைக் கேட்டோம், ஓசூரில் பார்த்தேன் என்றான் ஒருவன், இல்லை என்றான் இன்னொருவன். ரயில்வே ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேர் தெரியாத ஒரு பிணத்தைக் காட்டினார்கள். அது அவனில்லை. அவனில்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு படியிறங்கினேன், அந்த ஆளுக்கும் ஒரு அக்கா இருப்பாளே என்று பஸ் ஏறிய பிறகுதான் தோன்றியது. இது மூன்றாவது ஆயுத பூஜை. அவனுக்குத் தெரிந்த எல்லா வழியையும் அவன் அடைத்துவிட்டான், இந்த ஒரு வழியை அடைக்க அவனால் முடியாது. அதன் சாவி என்னிடம் இருக்கிறது, அணைக்காமல் வைத்திருப்பதுதான் சாவி.

முதல் வருசம் முழுக்க ஒன்றும் இல்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் உட்காருவேன், ஏணியேறி அவன் மாடியைப் பார்ப்பேன். அவன் விட்டுப்போன கட்டில், அவன் விட்டுப்போன அலமாரி, அலமாரியில் அவன் சேர்த்த புத்தகங்கள். ஒரு பொருள் இடம் மாறியிருக்காது. ஒரு நாள் அந்த மாறாத கட்டிலைப் பார்த்ததும் அப்படியே ஏணியிறங்கி வந்துவிட்டேன். அதோடு மாடிக்குப் போவதை நிறுத்தினேன். பார்க்காமல் இருக்கும் வரைக்கும் அவன் வந்து படுத்துவிட்டுப் போயிருக்கலாம், இல்லையா. அந்தச் சமயம் சாப்பாடே இறங்காமல் கிடந்தேன். அப்போதுதான் ஒரு நாள் ஆபீசிலிருந்து வந்து பார்த்தால் ஏரிக்கரை வீட்டின் கதவு திறந்து கிடந்தது. நான் சாத்தியிருந்தேன், சாத்தியது எனக்குத் தெரியும். இன்னொரு நாள் வாசலில் விளக்கு. இன்னொரு நாள் நான் மறந்தே போயிருந்த தோட்டத்தில் உருளைக்கிழங்கு நட்டு, நேர் நேராக, நடுவில் வரப்பு விட்டு. யாரோ வந்து போகிறார்கள், நான் இல்லாத நேரம் பார்த்து. நான் லீவு போட்டுக் காத்திருந்தால் வருவதில்லை. பேய் வீட்டில் குடியிருப்பவர்கள் எப்படிச் சந்தோஷமாக இருப்பார்கள் என்று கேட்டால் நான் சொல்வேன், அப்படித்தான் இருந்தேன். பூபதியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், எழிலன் வந்துட்டுப் போறானுங்க, உசுரோட இருக்கானுங்க. அவர் என் தலையைத் தடவிவிட்டு, மொதல்ல சாப்புடு என்றார். சாப்பிட்டேன். யார் வந்தது என்று மெஷினுக்குள்ளேயே பார்க்கலாம் என்று ஜாபர் ஒரு முறை சொன்னான். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன்? அவனேதான் என்று அத்தனை நிச்சயம் என்றால் பார்த்திருக்கலாமே. நான் வந்து உட்காரும்போது சில நாள் நாற்காலி தாழ்ந்திருக்கும். காற்று இறங்குகிற நாற்காலி, பழசு என்று நினைத்துக்கொள்வேன். மவுசில் சில நாள் எலுமிச்சை ஊறுகாய் வாசனை அடிக்கும். அதற்கு என்ன நினைத்துக்கொண்டேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. ஒன்றும் நினைக்கவில்லை போல. கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பேன்.

நேற்று, மெஷினை அணைப்பதற்கு முன்னால், கடைசியாக ஒரு முறை உள்ளே போனேன். நாளெல்லாம் பூட்டிக் கிடக்கப் போகிறதே, தொட்டியில் பூவாவது மாற்றி வைக்கலாம் என்று. இந்த விளையாட்டில் பறித்து வைத்த பூ ஒரு நாள்தான் தாங்கும், அப்புறம் வாடித் தொங்கிவிடும். வாசலில் கால் வைத்ததும் நின்றுவிட்டேன். கோடாலி, மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள் எல்லாவற்றையும் வரிசையாகச் சுவரோரம் சாத்தி வைத்து, முன்னால் ஒரு பூசணிக்காய். ஆயுத பூஜை! எங்கேயோ இருக்கிறவன் நாளைக்குப் பூஜை என்று ஞாபகம் வைத்து வந்திருக்கிறான். நான் அழுதேன். பூபதி சமையலறையில் வெல்லம் இடித்துக்கொண்டிருந்தார், அங்கிருந்தே என்னாச்சு என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, பூவையும் மாற்றாமல், அந்தச் சந்தோஷத்தைக் கொட்டிவிடாமல் பத்திரமாக மூடுகிற மாதிரி மெஷினை அணைத்தேன். அதனால்தான் இன்று காலையிலேயே முடிவு செய்துவிட்டேன், கன்சோல் கிடையாது, எத்தனை ஆனாலும் இதைத்தான் புதுப்பிப்பது, பூபதி கம்பெனிப் பூஜை முடிந்து வந்ததும் சொல்லிவிட்டு ஜாபருக்கு போன் பண்ணுவது என்று. முடிவு செய்தவள் போன் பண்ணியிருக்கலாம். மத்தியானம் அப்பா போன் பண்ணும் வரைக்கும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து சந்தனம் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார், போனிலும் கேள்வியும் விடையும் மட்டும்தான். “சாப்ட்டியா சாமி?” சாப்பிட்டேன்ப்பா. “புத்தகம் வெச்சாச்சா?” வெச்சாச்சுப்பா என்றேன். பொய். அவர் வீட்டு மின்விசிறி கடகடவென்று எனக்குக் கேட்டது. அப்புறம், “அது ஓடுதா?” என்றார். எது என்று நான் கேட்கவில்லை. இன்னிக்கு ஒரு நாள் அணைச்சிருக்குப்பா, நாளைக்குப் போட்டுருவேன் என்றேன். “செரி” என்று வைத்துவிட்டார்.

புத்தகம் வெச்சாச்சா. ஆயுத பூஜை என்று நான் சொல்வதே கல்யாணத்துக்கு அப்புறம்தான். எங்கள் வீட்டில் அது சரஸ்வதி பூஜை. அரிவாள்மணைக்குக்கூடப் பொட்டு வைத்ததில்லை, எங்கள் வீட்டில் என்ன ஆயுதம் இருந்தது, சாக்பீஸ்தான். பலகை போட்டு, புத்தகங்களை அடுக்கி, மேலே அம்மாவின் பழைய மஞ்சள் துணியைப் போர்த்தி மூடிவிடுவார் அப்பா. மூடியதை அன்றைக்குப் பிரிக்கக் கூடாது, ஒரு எழுத்து படிக்கக் கூடாது, மறுநாள் காலையில் அவர்தான் பிரிப்பார். பேப்பர்காரன் போட்ட பேப்பரைக்கூட மடித்துத் துணிக்குள் தள்ளிவிடுவார். எழிலனுக்கு வருசத்திலேயே பிடித்த நாள் அதுதான். கணக்குப் புத்தகத்தை எல்லாவற்றுக்கும் அடியில் வைப்பான், அமுங்கட்டும் என்று. பிறகு பக்கத்து வீட்டு இன்ஸ்பெக்டர் மதிலில் ஏறி ஒரு செம்பருத்தி திருடிக்கொண்டு வருவான். திருட்டுப் பூவைச் சாமிக்கு வைக்கலாமா என்று அப்பா வருசா வருசம் திட்டுவார், திட்டிக்கொண்டே வாங்கி அந்தத் துணி மேல் வைப்பார். பூசணிக்காய் எங்கள் வீட்டு வாசலில் உடைத்ததே இல்லை. கோடாலியையும் கடப்பாரையையும் வரிசையாகச் சாத்தி வைக்க எழிலனுக்குத் தெரியாது. கடப்பாரையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது அவனுக்கு. வரப்பு விட்டு நடத் தெரியாது. உருளைக்கிழங்கு செடியில் காய்க்கிறதா மண்ணுக்குள் காய்க்கிறதா என்று கேட்டவன். எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன். நாற்காலி புஸ் என்று இறங்கியது. எலுமிச்சை ஊறுகாய் இல்லாமல் மத்தியானச் சோறு இறங்காத ஒரு ஆள் இந்த வீட்டில் இருக்கிறார், கம்பெனி பக்கத்திலேயே இருப்பதால் சாப்பிட வீட்டுக்கு வருவார், நான் அந்நேரம் ஆபீசில் இருப்பேன். இத்தனை நாள் இந்த இரண்டு வரியை நான் கூட்டவே இல்லை. கணக்கு வாத்தியார் மகள்! கூட்டத் தெரியாமல் இல்லை, கூட்ட மனசில்லை. கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. அந்தக் கதவை அவன் திறக்கவில்லை என்றால், அந்த விளக்கை அவன் ஏற்றவில்லை என்றால், ஏரிக்கரை வீட்டுக்கு ஒருத்தரும் வரவில்லை. மூன்று வருசமாக வரவில்லை. ஆஸ்பத்திரிப் படியில் அவனில்லை என்று இறங்கி வந்தேனே, அதற்கப்புறம் எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை படி, நான் ஏறாத படியெல்லாம் எத்தனை. இந்த மெஷின் சில்லென்று இருப்பது சரிதான் என்று தோன்றியது. கன்சோல் வாங்கிக்கொள்ளலாம். சூடும் இல்லை, சத்தமும் இல்லை. போனைக் கையில் எடுத்து ஜாபர் பேரைத் தேடினேன். பேர் வந்ததும் கட்டைவிரல் நகரவில்லை.

அப்போது பூபதி வந்தார். ஒரு கையில் பொரி மூட்டை, சட்டையெல்லாம் குங்குமம், நெற்றி நிறைய விபூதி. “வர்க்‌ஷாப்ல எல்லா லேத்துக்கும் மாலை போட்டு... என்ன புள்ள, லைட்டுக்கூடப் போடாம?” நான் கேட்டேன். “ஏனுங்க, அந்தக் கோடாலி, மம்முட்டியெல்லாம் நீங்கதான வெச்சது?” பொரி மூட்டையை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி நின்றார். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “கண்டுபுடிச்சுட்டியா?” என்றார். எங்க வீட்ல புத்தகம்ங்க, என்றேன். அவருக்குப் புரிந்தது, தலையில் அடித்துக்கொண்டார். “அட, ஆமால்ல. வாத்தியாரு வீடு. ஒரு புத்தகத்த வெச்சிருந்தா முடிஞ்சுது.” கதவு? “நாந்தான்.” விளக்கு? “அதும் நாந்தான். நீ சோறே திங்காம கெடந்தே, என்ன பண்றதுன்னு தெரியல. ஒரு நாளைக்குன்னுதான் கதவத் தொறந்து வெச்சேன். அன்னிக்கு நீ ரெண்டு வாட்டி சோறு வாங்கித் தின்னே. அப்பறம் நிறுத்த முடியல.” அவரே சொன்னார். “எனக்கே பயமாயிருச்சு நித்தி. அந்தச் சேர்ல உக்காந்து அவனாட்டம் கெழங்கு நடறப்ப, எங்காவது அவன் இல்லாமப் போயிருந்தா நான் யாராட்டம் நடிச்சுட்டிருக்கறேன்னு தோணும். நடுமத்தியானம், பக்கத்துல ஆளில்ல, முதுகு சிலுத்துக்கும். ஒரு நா அப்படியொரு சேதி வந்துச்சுன்னா, இந்தக் கெழங்கையெல்லாம் நெனச்சு நீ என்ன ஆவே? அதான் கன்சோல் வாங்கலாம்னேன். எல்லாம் தன்னால போயிருமல்ல.” இந்த மனுசனைத் திட்டுவதா, கும்பிடுவதா. அந்தப் பெரிய கை பொரி மூட்டையின் முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தது. பேச்சை மாற்றத்தான், வேறு எதுவும் இல்லை, நான் கேட்டேன். “மாடியிலயும் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?” அவர் நிமிர்ந்தார். “மாடிக்கா? மாடிக்கு நான் போனதே இல்ல. அது அவன் ரூமு, ஒருத்தரும் போகக்கூடாதுன்னு நீதான சொன்னே.”

மாடியில் ஒன்றும் இருக்காது. மாறாத கட்டில், மாறாத அலமாரி, அவ்வளவுதான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் முடிந்தது, ஜாபருக்குச் சொல்லிவிடலாம், கன்சோலே கொடு என்று. பார்க்காமலே சொல்லிவிட்டால் சாகிற வரைக்கும் அந்த மாடி என் தலைக்கு மேலேயே இருக்கும். இதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொன்னேனா தெரியவில்லை. பூபதி எழுந்து வந்தார். கேபினட் மேலிருந்த செவ்வந்தியை எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டார், சுவிட்ச் மேல் வழிந்திருந்த சந்தனத்தைத் தன் வேட்டி நுனியால் துடைத்தார். இன்னிக்கு ஓட்டக்கூடாதுன்னீங்க, என்றேன். “சாமி ஒண்ணும் சொல்லாது” என்று அவரே சுவிட்சை அழுத்தினார். ஃபேன் ஒரு முறை இருமிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என் கண் நிறைந்துவிட்டது, வெட்கம்கெட்ட கண். உள்ளே போனேன். ஏரி, வாசல், சாத்தி வைத்த கோடாலி, பூசணிக்காய். பூபதி என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஃபேன் கத்த ஆரம்பித்தது, இன்னும் கொஞ்ச நேரத்தில் திரை கறுத்துவிடும், ஏணியில் கால் வைக்கிறேன், கறுக்காதே, ஒரே ஒரு நிமிசம் கறுக்காதே, அப்புறம் நீ செத்தாலும் பரவாயில்லை. மேலே ஏறிவிட்டேன். கட்டில் அதே கட்டில். அலமாரி காலியாக இருந்தது. புத்தகமெல்லாம் எங்கே என்று ஒரு நொடி எனக்கு ஒன்றும் புரியவில்லை. தரையில், மூலையில், ஒரு பலகை மேல் அடுக்கியிருந்தது. மேலே மஞ்சள் விரிப்பு ஒன்று போர்த்தி, நாலு பக்கமும் உள்ளே மடித்து. விரிப்பின் மேல் ஒரு சிவப்புப் பூ. பூபதியின் கை என் தோளில் இறுகியது. “நானில்ல” என்றார். “நித்தி, சத்தியமா நானில்ல.”

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் தாறுமாறாகத்தான் ஞாபகம் இருக்கிறது. பூபதி கேபினட்டின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு, பொட்டு வைத்த டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து அதன் வயிற்றுக்கு நேராக வைத்து முழு வேகத்தில் போட்டார். நான் ஜாபருக்குச் சொன்னேன், கன்சோலை அந்த ஆளுக்கே குடுத்துரு, இதுக்கு என்னென்ன வேணுமோ எல்லாம் எடுத்துட்டு நாளைக்கு வா, ஆனா அந்த டிஸ்க்கை ஓரசாம உள்ளங்கையில வெச்சு மாத்தோணும் என்று. அக்கா இருங்க, அழுகறீங்களா என்றான். பிறகு அப்பாவைக் கூப்பிட்டேன். புத்தகம் வெச்சாச்சுப்பா என்றேன். “மத்தியானமே சொன்னியே” என்றார். “அப்ப பொய் சொன்னேன்ப்பா. இப்பத்தான் பார்த்தேன். நான் வெக்கல. மாடியில வெச்சிருக்கு. மஞ்சத் துணி போத்தி.” அவர் வீட்டு மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. “பூ?” என்றார். இருக்குப்பா, செவப்பு. “வாடியிருக்கா?” திரையைப் பார்த்தேன். ஒரு நாளில் வாடிவிடுகிற பூ. நேற்று வைத்து, நேற்றுச் சாயங்காலம் நான் அணைத்தபோது அப்படியே நின்றுபோன பூ. வாடலப்பா என்றேன். அப்பா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அந்தச் சத்தத்தை நான் அம்மா போன அன்றுகூடக் கேட்டதில்லை. “பிரிச்சுராதீங்க” என்றார். “மூடுனத இன்னிக்குப் பிரிக்கக் கூடாது. நாளைக்குக் காலைல மொத பஸ்ஸுக்கு நான் வர்றேன். நான் வந்து பிரிக்கிறேன். அது வரைக்கும் அதை அணைக்காம மட்டும் வெச்சிரு சாமி.”